கரி அறையில் ஒரு கட்டில்

முப்பிடாதியம்மாளுக்கு மாட்டுங்காவில் தெரியாத மாடிப்படி கிடையாது. எந்தக் கட்டடத்தில் கைப்பிடி ஆடும், எதில் இரண்டாவது வளைவில் பட்டப்பகலிலும் இருட்டாக இருக்கும், எங்கே படியின் உயரம் கூடுதல் என்பதெல்லாம் அவள் முழங்காலுக்குப் பாடம். கண் மறந்தாலும் முழங்கால் மறப்பதில்லை.

கல்யாணமான கையோடு சாத்தான்குளத்துப் பக்கமிருந்து பம்பாய்த் தாராவிக்கு வந்தவள். புருஷன் இசக்கிப்பாண்டிக்குத் தோல் கிடங்கில் வேலை. வந்த புதிதில் பக்கத்துக் குடிசைகளில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு எண்ணெய் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, வெந்நீர் ஊற்றிவிட ஆரம்பித்தாள். யாரோ ஒருத்தி பாத்திரம் தேய்க்கப் போகிற வீட்டில் அவளைப் பற்றிச் சொல்ல, மாட்டுங்காவில் ஒரு பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டிலிருந்து மேல் மாடிக்கு, அங்கிருந்து எதிர்க் கட்டடத்துக்கு என்று அவள் பேர் படியேறிப் போயிற்று. அதன் பின்னாலேயே அவளும் ஏறினாள். தேய்த்து முடிந்ததும் எப்படியும் தலைக்கு ஊற்றிக்கொள்ளத்தான் போகிறார்கள் என்பதால் அந்த வீடுகளில் தீட்டுப் பேச்சு எழவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குப் பிறகு இடுப்பு பிடித்தவர்கள், தோள் இறுகியவர்கள், மழைக்காலத்தில் கணுக்கால் வீங்குகிறவர்கள் என்று வாரத்தில் ஒரு நாள்கூட எண்ணெய்க் கிண்ணம் காயவில்லை.

நாற்பதைத் தாண்டிய பிறகு முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியது. ஒரு நாள் மூன்றாவது மாடிக்கு நாலு படி இருக்கும்போது உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியவில்லை. போகிறவர்களும் வருகிறவர்களும் புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள். மேலே இருந்து, "முப்பிடாதி வந்தாச்சோ?" என்று குரல் கேட்டது. "வந்துட்டேன்" என்று அவளும் பதில் சொன்னாள். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்: "இனிமே நான் ஏறமாட்டேன். அவங்கதான் எறங்கணும்."

இசக்கிப்பாண்டி பீடியை எடுத்துவிட்டுச் சிரித்தான். "மாட்டுங்கா அம்மாமாரு தாராவிக்கு எறங்கி வருவாங்களோ? மூக்கப் பிடிச்சுக்கிட்டுல்லா வருவாங்க. ஒரு கையி மூக்குக்குப் போச்சுன்னா மத்த கையத்தான் நீ தேய்க்கணும்."

"தாராவிக்கு எதுக்கு வரணும்? அங்ஙனயே கீழ ஒரு ரூமு கெடச்சாப் போதும்."

"ரூமா? பம்பாயிலயா? நல்லாக் கேட்ட போ. சாமியே வந்தாலும் பாதையோரந்தான் படுக்கணும்."

ஆனால் ரூம் கிடைத்தது. கமலா நிவாஸின் கீழ்த்தளத்தில் குடியிருந்த பஞ்சாபகேசன் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. அவருடைய தாயார் மீனாட்சியம்மாளுக்கு வலது கை தூக்க வராது. தினமும் வந்து தேய்த்துவிட்டால் கொல்லைப்புறத்துக் கரி அறையை முப்பிடாதி வைத்துக்கொள்ளலாம் என்றார். அதற்கு ஒரு கெடுவும் வைத்தார்.

"ஆடி பொறக்கறவரைக்கும் பாரு. யாரும் வரல்லேன்னா நான் மறுபடி கரியைப் போட்டுடுவேன், கேட்டியா? மழையிலே நனைய விட முடியாது. அப்பறம் இன்னொண்ணு, சுவத்திலே ஆணி கீணி அடிக்கப்படாது. கட்டடத்துக்காரன் என் தலையை வாங்கிடுவான்."

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. ஆனி மாசம் பாதி கழிந்திருந்தது. மழை இரண்டு தரம் கொட்டிவிட்டு மூன்றாம் தரத்துக்குக் கறுத்துக்கொண்டிருந்தது.

அந்த அறை உள்ளங்கையும் முகமும் சேர்ந்து கறுத்துப்போகும்படியான அறை. ஒற்றைச் சன்னல். அதிலும் விமானக் குண்டுக்குப் பயந்து ஒட்டிய கறுப்புக் காகிதம் சண்டை முடிந்தது தெரியாமல் அப்படியே இருந்தது. முப்பிடாதி அதை வெந்நீர் தொட்டுச் சுரண்டினாள். ஞாயிற்றுக்கிழமை இசக்கிப்பாண்டி சுண்ணாம்பு குழைத்துக்கொண்டு வந்தான். ஒரு பூச்சுக்குச் சுவர் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு வந்தது. இரண்டாம் பூச்சுக்கும் சாம்பல்தான்.

"ஏளா, இது சொவரு இல்ல, எருமை. குளிப்பாட்டினா வெளுக்குமா?"

"பேசாமப் பூசும். பேசுத மூச்சுக்கு இன்னும் ரெண்டு முழம் பூசலாம்."

மூன்றாம் பூச்சில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்தான். காய்ந்த பிறகு பார்த்தால் சுவர் விடியற்காலை மாதிரி ஒரு நிறத்தில் இருந்தது. தனக்கே நம்பிக்கை இல்லாதவனாக இசக்கிப்பாண்டி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுக்கு இப்படி ஒரு நாள் அடிச்சிருக்கமா?" என்றான். அவள் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் மறுபடி குனிய முடியாது.

யார் வருவார்கள் என்பது முப்பிடாதிக்குத் தெளிவாகத் தெரியும். கமலா நிவாஸில் இரண்டாவது மாடி வாலாம்பாள் வந்து ஒரு தரம் படுத்து எழுந்துவிட்டால் அந்தத் தெருவே வரும். அவள் வாங்குகிற கடையில்தான் மற்றவர்கள் புளி வாங்குவார்கள். அவள் முகம் சுளித்த பால்காரன் அந்தத் தெருவில் அப்புறம் பால் விற்க முடியாது. ஆகவே அறையில் வைத்த ஒவ்வொரு சாமானையும் முப்பிடாதி வாலாம்பாளை நினைத்துத்தான் வைத்தாள்.

அறை தயாராகும்வரை படி ஏறாமல் தீராது. அப்படி ஏறிப் போய் வாலாம்பாளுக்கு இடுப்பு தேய்க்கும்போதே பேச்சுவாக்கில் கேட்டு வைத்துக்கொண்டாள்.

"கீழ ஒரு ரூமு இருந்தா வருவியளா பெரியம்மா?"

"வரதுக்கென்ன? ஆனா கலர்த்துணியிலே எல்லாம் நான் படுத்துக்க மாட்டேன். கலர் அழுக்கை மறைக்கும். வெளுத்த வெள்ளையாக்கும் வேணும். அப்பறம் கதவைத் தெறந்தா முகம் தெரியப்படாது. போறவன் வரவன் எல்லாம் பாக்கறதுக்கு நான் என்ன பொம்மைக் கொலுவா?"

ஜமால் பாயின் பழைய சாமான் கடையில் மிலிட்டரி ஏலத்தில் வந்த இரும்புக் கட்டில்கள் அடுக்கியிருந்தன. இசக்கிப்பாண்டி ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான். அதோடு ஆஸ்பத்திரி விரிப்புகள் இரண்டு. வண்ணானிடம் கொடுத்துக் கஞ்சி போட்டு வாங்கியதும் அவை சோழி மாதிரி வெளுத்திருந்தன. ஒன்று கீழே விரிக்க, ஒன்று மேலே போர்த்த. முகம் தெரியக்கூடாது என்பதால் கால் மாட்டைக் கதவுப் பக்கமும் தலைமாட்டை உள்மூலையிலும் போட்டாள். உள்மூலை இருட்டாக இருந்தது. மண்ணெண்ணெய் ரேஷனில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். அதனால் நல்லெண்ணெய் விளக்கை ஒரு முக்காலியின் மேல் தலைமாட்டில் வைத்தாள். எண்ணெய்க் கிண்ணத்தைச் சூடு காட்டவும் அது வசதி.

விளக்கு வைத்த இடத்தில் அரிசி குவித்த நிறைநாழி இல்லாமல் மொட்டையாக இருந்தது. கல்யாண வீட்டு வாசலில் விளக்கும் நிறைநாழியும் வைத்துத்தானே வருகிறவர்களைக் கூப்பிடுகிறோம்? பித்தளை நாழியை எடுத்துத் துலக்கினாள்.

"அரிசி எங்ஙன இருக்கு?" என்றான் இசக்கிப்பாண்டி. "நாமளே கோதும்பைச் சவைச்சுக்கிட்டுக் கெடக்கோம்."

"அந்தக் கோதும்பையே போடுதேன். லெச்சுமிக்கு ரேஷன் தெரியாதாக்கும்."

அவளை உள்ளூர அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. புருஷன் மேல் இருக்கிற தோல் கிடங்கு வாடை தன் புடவையிலும் ஏறி, தன்னோடு அந்த அறைக்குள்ளும் வந்துவிடுமோ என்ற பயம். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் சில வீடுகளில் அவள் நுழைந்ததும் சன்னலைத் திறப்பார்கள். அதற்காக ஊதுபத்தி, ஒன்றுக்கு நாலாக. கடைசியில் இசக்கிப்பாண்டி தன் பங்குக்குத் தாதர் மார்க்கெட்டிலிருந்து ஒரு முழுச் செவ்வந்தி மாலை வாங்கி வந்தான். நிலைப்படியில் தொங்கவிடத்தான் வாங்கினான். ஆணி அடிக்கக்கூடாதே! சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கட்டில் கம்பியில் தலைமாட்டோடு வளைத்துக் கட்டினான்.

இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை விரிப்பு, மாலை, விளக்கு, புகை.

"சும்மா சொல்லக்கூடாது, கோயிலு கெணக்கால்லா இருக்கு" என்றான் இசக்கிப்பாண்டி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வாலாம்பாள் இறங்கி வந்தாள். ஒரு கை சுவரில், ஒரு கை இடுப்பில். பின்னால் மருமகள் பாகீரதி, வீட்டு எண்ணெய்ச் செம்பும் துண்டுமாக. பாகீரதிக்கு மூன்று குழந்தைகள்; கடைசி இன்னும் கைக்குழந்தை. மழை தூறிக்கொண்டிருந்தது. முப்பிடாதி போட்ட கோலம் பாதி கரைந்திருந்தாலும் வாலாம்பாள் அதை மிதிக்காமல் தாண்டி வந்தாள்.

"அடடே, இது பஞ்சாபகேசனோட கரி ரூமா? நம்பவே முடியல்லையே. பாத்தியோடி பாகீரதி?" விரிப்பின் ஓரத்தை விரலால் நெருடினாள். "வெளுத்துதான் இருக்கு." மூச்சை இழுத்துப் பார்த்தாள். "மணமாவும் இருக்கு."

முப்பிடாதிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "படுங்க பெரியம்மா. மல்லாக்கப் படுங்க. மொதல்ல இடுப்பு எந்தப் பக்கம் எறங்கியிருக்குன்னு பாக்கணும்."

வாலாம்பாள் படுத்தாள். முப்பிடாதி மேல் விரிப்பை மார்பு வரை இழுத்துப் போர்த்திவிட்டுக் கால் மாட்டுக்கு வந்தாள். இடுப்புக்காரர்கள் யாரானாலும் முதலில் இரண்டு காலையும் நேராக நீட்டச் சொல்லி, கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, எந்தக் கால் குட்டையாக இருக்கிறது என்று பார்ப்பாள். அது அவள் கை வழக்கம். அதுவரை வீடுகளில் தரையில் பாய் போட்டுத்தான் பார்த்திருக்கிறாள். இப்போதும் அதே போலப் பிடித்தாள்.

வாலாம்பாள் கண்ணை மேலே உருட்டி விளக்கைப் பார்த்தாள். நாழியைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். மார்பு வரைக்கும் ஏறியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாள். அதற்கப்பால் தன் இரண்டு கட்டைவிரல்களும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"பாகீரதி" என்றாள், மெல்லிய குரலில். "நான் இருக்கேனோடி?"

"என்னம்மா கேக்கறேள்?"

"உசிரோட இருக்கேனான்னாக்கும் கேக்கறேன்!"

ஆறு மாசமாகப் பிடித்துத் தூக்கிவிட்டால்தான் எழுந்திருந்த வாலாம்பாள் யார் கையும் படாமல் எழுந்து நின்றாள். துணியை உதறிக் கட்டில் மேல் போட்டாள். "பேரனுக்குப் பூணல் பாக்கணும் நான். இப்போ போறதா உத்தேசமில்லை" என்று விளக்கைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மழையில் நனைந்தபடி படியேறிப் போனாள். சற்று நேரத்தில் இரண்டாவது மாடிக் குளியலறையில் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

முப்பிடாதி வெறுங்கையோடு நின்றாள். "நான் என்ன பண்ணினேன் சின்னம்மா? அழுத்தக்கூட இல்லியே?"

பாகீரதி வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. "நீ ஒரு தரம் படுத்துண்டு பாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமியார் பின்னால் ஓடினாள். எண்ணெய்ச் செம்பை எடுக்க மறந்துவிட்டாள்.

முப்பிடாதி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கால் இரண்டையும் கையால் தூக்கி மேலே வைத்துச் சாய்ந்தாள். அந்த அறையில் இத்தனை நாள் நின்றும் குனிந்தும் உட்கார்ந்தும் பார்த்தவள், படுத்துப் பார்ப்பது அதுதான் முதல் தரம்.

படுத்த உடனேயே தெரிந்துவிட்டது.

தலைமாட்டில் விளக்கு. பக்கத்தில் நிறைநாழி. நெற்றிக்கு மேல் மாலை. புகை. கால் வாசலைப் பார்த்து. இவ்வளவும் போதாதென்று, சுவருக்கு மூன்று பூச்சு அடித்தவர்கள் கூரைக்கு ஒரு பூச்சுகூட அடிக்கவில்லை. மேலே கரி படிந்த பலகைகள் அப்படியே கறுத்துக் கிடந்தன. நிற்கிறவர்கள் யார் கூரையைப் பார்க்கிறார்கள்? படுக்கிறவளுக்குத்தான் கூரை.

தாராவியில் யாராவது பெண் செத்துப்போனால் குளிப்பாட்டிக் கிடத்தவும் முப்பிடாதியைத்தான் கூப்பிடுவார்கள். விளக்கு எங்கே, நாழி எங்கே, விரலைச் சேர்த்து எப்படிக் கட்டுவது என்று அவள் கைக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு காரணத்துக்காகத் தனித்தனியாகத்தான் கொண்டுவந்தாள். வரிசையில் வைத்தது மட்டும் கையின் வேலை. அதை அவள் கேட்கவும் இல்லை, கை சொல்லவும் இல்லை.

சிரிப்பு வந்தது. அதைச் சிரித்து முடிக்கிற அளவுக்கு உடம்பில் தெம்பு இல்லை. மாலைக்குள் எல்லா மாடிக்கும் கதை போய்விடும். ஆடி பிறக்கப் போகிறது. கரி வந்துவிடும். மறுபடியும் படி. எழுந்து அந்த விளக்கையாவது நகர்த்தி வைக்கலாம் என்று நினைத்தாள். விரிப்பு கஞ்சி மொடமொடப்போடு முதுகுக்குச் சில்லென்றிருந்தது. முழங்காலுக்குக் கீழே எதுவும் கனக்கவில்லை. நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

"ஐயோ!"

கண் விழித்தபோது பாகீரதி கதவோடு ஒட்டி நின்றிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"என்ன சின்னம்மா?"

"என்னவா? செம்பை எடுக்க வந்தேன். நீ இப்படிக் கெடக்கே. மாமியாருக்கு வெச்ச எடத்துலே நீ போயிட்டியோன்னு என் ப்ராணனே போயிடுத்து!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. பாகீரதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முப்பிடாதிக்குக் கண்ணில் நீர் வந்தது. சிரித்து ஓய்ந்த பிறகும் அது நிற்கவில்லை.

"பெரியம்மா எல்லார்ட்டயும் சொல்லிட்டாவளா?"

"சொல்லாம இருப்பாளா? மொட்டைமாடிவரைக்கும் போயாச்சு. சிரிச்சுண்டுதான் சொன்னா. ஆனா அவ இனிமே வரமாட்டா. அவ வயசுக்காரா ஒருத்தரும் வரமாட்டா, அது நிச்சயம்." பாகீரதி கட்டிலைப் பார்த்தாள். "நான் படுத்துக்கட்டுமா?"

"நீங்களா?"

"ஏன், எனக்கு முதுகு கெடையாதா? விடியறதுக்கு முன்னாடி பிடிச்சு நின்னுண்டே இருக்கேன். இப்போதான் அடுக்களையை அலம்பிவிட்டேன். குழந்தை தூங்கறது. மாமியார் முழிச்சுண்டிருக்கறச்சே நான் எங்கே படுத்துக்க முடியும்? படுத்தா, உடம்பு சரியில்லையான்னு கேப்பா. இல்லேன்னா, பின்னே ஏன் படுத்திருக்கேன்னு கேப்பா."

முப்பிடாதி எழுந்து விளக்கை எடுத்துக் கதவோரம் வைத்தாள். பாகீரதியே ஊதுபத்திகளைப் பிடுங்கி மழையில் எறிந்தாள், மாலையை அவிழ்த்தாள். நாழியை என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். இரண்டு பேருமாகக் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் குறுக்காகப் போட்டார்கள். முப்பிடாதி மழைக்குத் தான் போர்த்திக்கொண்டு வந்த பழைய பச்சைச் சேலையை எடுத்து வெள்ளை விரிப்பின் மேல் விரித்தாள். விரித்த பிறகுதான் நினைவு வந்து கையை இழுத்தாள்.

"அது என் சேலை. வாடை இருக்கும்."

"இருக்கட்டும். கதவைச் சாத்தேன்."

சாத்தினாள். அறையில் இப்போது எதுவுமே இல்லை என்று அவளுக்குப் பட்டது. இவ்வளவு நாள் பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் மூலையில் கிடந்தது. சன்னலில் மழை வெளிச்சம் மட்டும் இருந்தது.

"வேற என்ன வேணும் சின்னம்மா? விளக்குத் திரியத் தூண்டட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம். இங்கே என்னை யாரும் கூப்பிட மாட்டாளே, அது போரும்." கவிழ்ந்து படுத்தாள். வார்த்தை ஏற்கெனவே குழறியது. "நாளைக்கு எதிர்வீட்டு அகிலாண்டத்தைக் கூட்டிண்டு வரேன். மாட்டுப்பொண்ணு அவ. அவளுக்கும் முதுகுதான்."

முப்பிடாதி எண்ணெயைச் சூடு காட்டி உள்ளங்கையில் விட்டுக்கொண்டு வந்தாள். அதற்குள் பாகீரதி தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பலாமா என்று பார்த்தாள். எண்ணெயைத் தன் முழங்காலிலேயே தேய்த்துக்கொண்டு, கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மேலே பால்கனியிலிருந்து வாலாம்பாளின் குரல் விழுந்தது.

"பாகீரதி! ஏய் பாகீரதி! செம்பை எடுக்கப் போனவ எங்கே போனே? குழந்தை சிணுங்கறது!"

கட்டிலில் பாகீரதியின் கால் விரல்கள் அசைந்தன. தூக்கத்திலேயே எழுந்திருக்கத் தயாராகிற விரல்கள். முப்பிடாதி ஒரு கையைத் தரையிலும் ஒரு கையைக் கட்டிலிலும் ஊன்றி எழுந்தாள். கதவை ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு மெல்லத் திறந்து வெளியே வந்து, தனக்குப் பின்னால் சாத்திக்கொண்டாள். மழை முகத்தில் அடித்தது.

"இங்ஙனதான் இருக்காவ பெரியம்மா! முதுகுக்குத் தேய்ச்சிருக்கேன்!"

"தேய்ச்சாச்சோன்னோ, அனுப்பு!"

ஒரு சொட்டு எண்ணெய்கூட அந்த முதுகில் பட்டிருக்கவில்லை. முப்பிடாதி வாழ்நாளில் அந்த வீட்டாரிடம் மறுத்துப் பேசியவள் அல்ல.

"எண்ணெ ஊறணும் பெரியம்மா! பாதியில எந்திரிச்சா நீர் கோத்துக்கும்! பொறவு பிள்ளைக்குத்தான் பால் வழியாச் சளி பிடிக்கும்!"

பால்கனிக் கம்பிக்கு மேல் வாலாம்பாளின் ஈரத்தலை தெரிந்தது. அவள் கீழே சாத்தியிருந்த கதவையே பார்த்தாள். குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"அந்த வெளக்கை எடுத்தாச்சோ?"

"எடுத்தாச்சு பெரியம்மா!"

"அப்போ சரி. ஊறட்டும். குழந்தையை நான் பாத்துக்கறேன்."

தலை மறைந்தது. முப்பிடாதி உள்ளே வரவில்லை. மறுபடி கதவைத் திறந்தால் கிரீச்சிடும், பாகீரதி விழித்துக்கொள்வாள். சாரல் படாத மாதிரி நிலைப்படியை ஒட்டி முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் முற்றத்துப் பக்கம் நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.